புகாரே வராத ஏழாம் வாய்க்கால்

“அழுத பிள்ளைக்குத்தான் மேடம் பால். உங்க ஏழாம் நம்பர் மூணு வருஷமா அழவே இல்லையே!”

“அழலைன்னா பசிக்கலைன்னு அர்த்தமா சார்? யாரோ நல்லா பாத்துக்கறாங்கன்னு ஒரு அர்த்தமும் இருக்கு.”

“அந்த அர்த்தத்துக்கு என் படிவத்துல கட்டம் இல்லை. புகார் எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல முட்டை. தொடர்ந்து முட்டைன்னா அந்த வாய்க்கால் பயன்பாட்டில் இல்லைன்னு கணக்கு. சிலாப் போட்டு மூடி ரோட்டுக்காரங்ககிட்ட குடுத்துடணும். ரூல் நான் போட்டது இல்லை.”

“நூத்திப்பத்து பேர் அந்தத் தண்ணியில பொழைக்கறாங்க சார்.”

“நூத்திப்பத்து பேர்ல ஒருத்தருக்குக் கூடவா போன் பண்ணத் தெரியாது?”

நகராட்சிப் பாசனப் பிரிவில் அறைகளுக்கு நடுவே இருப்பது ஆளுயரத் தடுப்புதான். அதற்கு மேலே வெறும் காற்று. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கைக்குட்டை எடுப்பார்கள். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொக்கிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. உள்ளே சண்டை போட்டது பாசனப் பிரிவு இன்ஜினியரம்மாவும் கணக்கு அதிகாரியும். சண்டை கொக்கி பார்க்கிற வாய்க்காலைப் பற்றி.

கொக்கி என்பது அவருடைய பெயர் இல்லை. பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஒரு நீள மூங்கிலின் நுனியில் இரும்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏழாம் கிளை வாய்க்காலின் கரையில் நடக்கிறவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. வயது ஐம்பத்தைந்து. இரண்டு முட்டியும் போய்விட்டது. மூன்று வருடத்தில் ஓய்வு.

ஊரைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும். நகரம் பெருத்து, சுற்றியிருந்த நிலத்தை விழுங்கியபோது அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயையும் சேர்த்து விழுங்கிவிட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் கால்வாய் நகராட்சியின் பொறுப்புக்கு வந்தது. ஏழு கிளைகள். வீட்டு வரியில் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கி அதில் ஏழையும் பராமரிக்க வேண்டும். தூர் வார, மதகுக்கு எண்ணெய் போட, இடிந்த கரையைக் கட்ட எல்லாவற்றுக்கும் அதே பங்குதான். பசித்த ஏழு பிள்ளைக்கு ஒரு தட்டுச் சோறு. யாருக்கு எவ்வளவு என்று வருடா வருடம் அடிதடி நடந்ததால், மன்றம் ஒரு விதி போட்டது. எந்தக் கிளையிலிருந்து அதிகப் புகார் வருகிறதோ அதற்கு அதிகப் பணம். புகாரே இல்லாத கிளைக்கு ஒன்றும் இல்லை, மூடிவிடலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஏழாம் வாய்க்காலுக்கு வரும்போதுதான் விதி இடித்தது.

இரண்டு தெருவுக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் நடுவே வளைந்து, குழாய்ப்பாலத்துக்குள் நுழைந்து, கடைசியில் காய்கறித் தோட்டங்களுக்கும் நாற்றுப் பண்ணைகளுக்கும் போகிற வாய்க்கால் அது. மற்ற கிளைகளில் தண்ணீர் நின்றால் ஜனங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கத்துவார்கள். ஏழில் தண்ணீர் நின்றால் கொக்கிக்குப் போன் பண்ணுவார்கள். பாலத்துச் சுவரில் அவருடைய நம்பரை அவரே பெயின்டில் எழுதி வைத்திருந்தார். “ஆபீசுக்கெல்லாம் போடாதீங்க, அங்க மணி அடிச்சுக்கிட்டே கிடக்கும். என்னைக் கூப்பிடுங்க, நான் எதுக்கு இருக்கேன்?” என்று வீடு வீடாகச் சொன்னதும் அவரே. கூப்பிட்ட அரை மணியில் வந்து கொக்கியைப் போட்டுப் பிளாஸ்டிக் பை, செத்த எலி, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிடுவார். தண்ணீர் ஓடும். யாரும் எதையும் எழுத மாட்டார்கள். அவரும்தான்.

கணக்கு அதிகாரி வெளியே வந்தார். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்து, “உங்க வேலை அவ்வளவு சுத்தம் போங்க. தடயமே இல்லை,” என்று சிரித்துவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை.

இன்ஜினியரம்மா கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். அவர் உட்காரச் சொன்னாலே விஷயம் பெரிசு என்று கொக்கிக்குத் தெரியும்.

“எல்லாம் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு மேடம். நான் நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

“நல்லதுதான் பண்ணீங்க. ஆனா அது எழுத்துல இல்லை. இன்னையிலிருந்து இருபதாம் நாள் மன்றக் கூட்டம். அதுக்கு மூணு நாள் முன்னாடி பட்டியல் போயிடணும். பட்டியல்ல ஏழாம் நம்பருக்கு குறைஞ்சது பத்துப் புகார் இருக்கணும். இல்லைன்னா என்னால காப்பாத்த முடியாது.”

“பத்துப் பேருகிட்ட சொன்னா இன்னைக்கே போன் பண்ணிடுவாங்க மேடம்.”

“பண்ணா மட்டும் போதாது. ரெண்டு நாள் தொடர்ந்து தண்ணி வரலைன்னாதான் புகாரை எடுப்பாங்க. அப்புறம் வேற பிரிவிலிருந்து ஆள் வந்து போட்டோ எடுப்பான். தண்ணி ஓடுச்சுன்னா பொய்ப் புகார். அது நமக்கே திரும்பும். தண்ணி நிஜமாவே நிக்கணும்.”

கொக்கி முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

“நீங்க முட்டி வலின்னு ரொம்ப நாளா சொல்றீங்கள்ல? லீவ் எடுங்க. லெட்டரை என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன். ஆனா எதுக்குன்னு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. நம்ம ஆளே தூண்டி விட்ட புகார்னு தெரிஞ்சா எல்லாமே செல்லாது. உங்க தங்கச்சிகிட்டகூட சொல்லாதீங்க.”

தங்கச்சியின் நாற்றுப் பண்ணை ஏழாம் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. வாய்க்காலை மூடினால் முதலில் காய்வது அதுதான். இன்ஜினியரம்மாவுக்கும் அது தெரியும்.

வீட்டில் அவர் மனைவி, ஆஸ்பத்திரி லாண்டரியில் மடித்துவிட்டு வந்த கையோடு இங்கேயும் துணி மடித்துக்கொண்டிருந்தார். லீவ் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

“என் தம்பி கல்யாணத்துக்கு அரை நாள் கேட்டேன். அன்னைக்கு மதகு திறக்கணும்னு போனீங்க. இப்ப என்ன, வாய்க்கால் விவாகரத்து குடுத்துடுச்சா?”

“முட்டி வலிக்குது.”

“அது பத்து வருஷமா வலிக்குது. வேற ஏதோ இருக்கு. சொல்ல வேணாம், விடுங்க. உக்காருங்க, எண்ணெய் தடவி விடறேன்.”

மறுநாள் காலை அவர் கடைசியாக ஒரு சுற்று போய், எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடினார். முட்டி வலி, கொஞ்ச நாள் வரமாட்டேன், தண்ணி நின்னா ஆபீசுக்குப் போன் பண்ணுங்க. ஆபீஸ் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கீரைத் தோட்டக்காரர் சீட்டை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். “நீங்க உடம்பைப் பாருங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்,” என்றார். கொக்கி அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை எவ்வளவு பெரிய தொந்தரவு என்பது அவர் மனைவிக்கு முதல் வாரத்தில் புரிந்தது. குளியலறைத் தண்ணீர் வடிகிற துளையில் கம்பியை விட்டுக் குடைந்தார். பக்கத்து வீட்டுக் கூரை வாருகாலைச் சுத்தம் செய்யக் கிளம்பினார். “முட்டி வலி!” என்று மனைவி வாசலில் நின்று கத்தினார். கணக்குப்படி பாலத்துக்குள் மூன்றாம் நாள் அடைப்பு விழ வேண்டும். நான்காம் நாள் கடைமடையில் தண்ணீர் குறைய வேண்டும். ஆறாம் நாள் நிற்க வேண்டும். எட்டாம் நாள் புகார். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் இன்ஜினியரம்மா போன் செய்தார். “ஒண்ணுகூட வரலை.”

“ஒண்ணுகூடவா?”

“ஒண்ணாம் நம்பர்ல பதினாலு, நாலாம் நம்பர்ல ஒன்பது. உங்களோடதுல முட்டை. தண்ணி நின்னுச்சா இல்லையா?”

“நின்னிருக்கணும் மேடம். நிக்காம இருக்க வழியே இல்லை.”

பன்னிரண்டாம் நாள் காலை அவரால் தாங்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். வண்டியை நிறுத்தும் முன்பே சத்தம் கேட்டது. தண்ணீர் குழாய்க்குள் விழுகிற அந்த ‘களகள’ சத்தம். இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்காமல் போனது அன்றுதான்.

எட்டிப் பார்த்தார். அவர் தங்கையின் கணவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் மண்வாரி. கரையில் கீரைத் தோட்டக்காரர் சாக்குப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டில் குடியிருந்து காய்கறி போடுகிற ஓய்வு பெற்றவர், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு அட்டையைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தார். சிமென்ட் மூட்டையைக் கிழித்து எழுதிய முறைப் பட்டியல் அது. திங்கள் யார், செவ்வாய் யார், வராதவர் பெயருக்குச் சிவப்புச் சுழி.

“வாங்க மச்சான்!” என்றார் தங்கையின் கணவர். “உங்க கொக்கி மாதிரி ஒண்ணு செஞ்சு நாலு நாள் இழுத்துப் பாத்தேன். உங்களுக்கு முட்டி ஏன் போச்சுன்னு இப்பதான் தெரியுது. எனக்கு இடுப்பே போச்சு.”

“என்ன மாப்பிள்ளை பண்றீங்க இங்க?” என்றார் கொக்கி.

“என்ன பண்றோமா? உங்க மானத்தைக் காப்பாத்தறோம்.”

கீரைக்காரர் பெருமையாகச் சொன்னார். “அஞ்சாம் நாள் தண்ணி குறைஞ்சுதுண்ணே. ஆபீசுக்குப் போடலாம்னு சீட்டை எடுத்தேன். டீச்சரம்மாதான் தடுத்தாங்க. அவர் லீவ்ல இருக்கிற நேரத்துல புகார் போனா, இந்த ஆள் இல்லைன்னா வேலை நடக்கலைன்னு எழுதுவாங்களா? இவர் வேலை பார்க்கறதில்லைன்னுதானே எழுதுவாங்கன்னாங்க. ஓய்வு வர்ற நேரத்துல ஒரு கறுப்புப் புள்ளி எதுக்குன்னு நாங்களே இறங்கிட்டோம். பாருங்க, மேல வலை கூட கட்டிட்டோம். குப்பை இனிமே உள்ளயே வராது.”

டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். “உங்க பேர்ல ஒரு புகாரும் போகாது. நான் ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லியிருக்கேன்.”

கொக்கி கரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததில் முட்டி ‘டக்’ என்றது. இப்படி ஒரு அன்பு தனக்கு வரும் என்று அவர் நினைத்ததில்லை. வந்த நேரம்தான் சரியில்லை.

“ஏன் இப்படிப் பண்ணீங்க?” என்றார். “யாரு உங்களை இறங்கச் சொன்னது? போன் பண்ணுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? ஒரு போன்! ஒரு போன் பண்ண உங்களுக்கு என்ன கேடு?”

டீச்சரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கீரைக்காரர் சாக்கைக் கீழே போட்டார். “நாங்க நாறிக்கிட்டு நிக்கறோம், நீங்க திட்டறீங்க. நல்லா இருக்குண்ணே நியாயம்.”

அப்போதுதான் அவர் தங்கை பண்ணையிலிருந்து வந்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்பது தெரிந்த ஒரே ஆள்.

“அண்ணா, என்ன விஷயம்? முழுசாச் சொல்லு.”

சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தார். இனி சொல்லாமல் இருந்தால் வாக்கு மிஞ்சும், வாய்க்கால் மிஞ்சாது. எல்லாவற்றையும் சொன்னார். கட்டம், முட்டை, சிலாப், பத்துப் புகார், பட்டியலுக்கு இன்னும் ஐந்து நாள். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறியது.

“அப்ப நாங்க ஒரு வாரமா எங்க வாய்க்காலை நாங்களே மூடிக்கிட்டு இருந்தோமா?” என்றார் கீரைக்காரர்.

டீச்சரம்மா அட்டையை மடித்துத் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில் தண்ணீர் ரொம்ப அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப என்ன செய்யணும்?” என்றார் தங்கையின் கணவர்.

“தண்ணி நிக்கணும். ரெண்டு நாள் நின்னா புகார் எடுப்பாங்க. அடுத்த ரெண்டு நாள்ல ஆள் வருவான். மொத்தம் நாலு நாள். இன்னைக்கே ஆரம்பிச்சாதான் உண்டு. ஆனா நீங்க சுத்தம் பண்ணியிருக்கற லட்சணத்துக்கு, வலையைக் கழட்டினாலும் தானா அடைக்க ஒரு வாரம் ஆகும்.”

“அப்ப?”

“அப்ப நாமதான் அடைக்கணும்.”

“நாலு நாளா!” என்றார் தங்கை. “அண்ணா, நிழல்வலைக்குள்ள ஆறாயிரம் குழி நாத்து நிக்குது. எல்லாம் மூணு இலை. இந்த வெயில்ல ஒரு நாள் தண்ணி காட்டலைன்னா தலை சாஞ்சிடும். பத்து நாள்ல டெலிவரி.”

“தெரியும்மா.”

“வீட்டுக் குழாயில பிடிச்சு ஊத்தினா ரெண்டாயிரம் தேறும். மீதி போயிடும். யாருக்கு இந்த ஆர்டர் தெரியுமா? உங்க நகராட்சிப் பூங்காவுக்கு. வாய்க்காலையும் நீங்களே மூடுவீங்க, நாத்தையும் நீங்களே கேப்பீங்க!”

“நான் மூடலைம்மா.”

“நீ மூடலை. நீ நல்லவன். நல்லவனா இருந்தே எங்களை இங்க கொண்டு வந்து விட்டுட்ட.”

அந்த வார்த்தை நியாயமானது என்பதுதான் அவரை உறுத்தியது. தங்கையின் கணவர் தண்ணீரிலிருந்து ஏறி, காலைத் துடைத்தபடி, “நாலாயிரம் நாத்து போனா அடுத்த மாசம் போடலாம். வாய்க்கால் போனா எங்க போடறது? மொட்டை மாடியிலயா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதுதான் முடிவு என்று எல்லாருக்கும் புரிந்தது.

டீச்சரம்மா மட்டும், “இது பொய் இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தண்ணி நிஜமாவே வராது டீச்சர்,” என்றார் கீரைக்காரர். “உங்க கத்திரிச் செடிகிட்ட கேட்டுப் பாருங்க, அது பொய்யா சொல்லும்?”

பாலத்துக்குப் பக்கத்தில், அவர்கள் இழுத்துப் போட்ட குவியலில் ஒரு பழைய பஞ்சு மெத்தை இருந்தது. நனைந்து ஊறி, ஒரு கன்றுக்குட்டி கனம். கொக்கி வலையை அவிழ்த்தார். பிறகு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தார். நகரவில்லை. மாப்பிள்ளையும் கீரைக்காரரும் கைகொடுக்க வந்தார்கள்.

“வேணாம். இது என் வேலை,” என்றார்.

அது அவர் வேலை இல்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். தங்கை கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வந்து மறு முனையைப் பிடித்தார். இருவருமாக இழுத்துக் குழாயின் வாயில் தள்ளினார்கள். தண்ணீர் அதைச் சுற்றி வழி தேடியது. அவர் சாக்குகளை எடுத்து இடுக்குகளில் செருகினார். எந்த இடுக்கில் தண்ணீர் போகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் இல்லை. பத்து நிமிடத்தில் சத்தம் நின்றது.

“சுத்தமா அடைச்சுட்டீங்க மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. பாராட்டுதானா என்று அவருக்கே தெரியவில்லை.

அடுத்த நான்கு நாளை நீட்டிச் சொல்லப் பிரியமில்லை. மூன்றாம் நாள் காலையில் பதினொரு புகார் போனது. டீச்சரம்மா போன் செய்ததோடு நிற்காமல் நான்கு பக்கம் எழுதியும் கொடுத்தார். தங்கையும் கணவரும் வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார்கள். பின் வரிசை நாற்றுத் தட்டுகள் வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டன. நான்காம் நாள் பகல் ஒருவர் தொப்பியோடு வந்தார், பாலத்தையும் வறண்ட தரையையும் போட்டோ எடுத்தார், கையெழுத்து வாங்கினார், போனார். அவர் வண்டி திரும்பியதும் கொக்கி தண்ணீரில் இறங்கி மெத்தையை இழுத்தார். அன்றைக்கு முட்டி வலித்ததா என்று கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை.

இருபதாம் நாள் கூட்டத்தில் ஏழாம் வாய்க்கால் ‘பயன்பாட்டில் உள்ளது, கவனம் தேவை’ என்று முடிவானது. மூன்று வருடத்தில் முதல் தடவையாகத் தூர் வாரப் பணம். கணக்கு அதிகாரி இன்ஜினியரம்மாவிடம், “பாத்தீங்களா, அழுதுச்சு, கிடைச்சுது,” என்றாராம்.

நான்கு நாள் கழித்துக் கொக்கிக்கு ஒரு மெமோ வந்தது.

புகார் எடுக்கிறவர்கள் போனில் மூன்று கேள்வி கேட்பார்கள். எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை? எந்த இடத்தில்? வாய்க்கால் பணியாளர் வந்து பார்த்தாரா? கடைசிக் கேள்விக்குப் பதினொரு பேரும் உண்மையைச் சொன்னார்கள். வரவில்லை. படிவத்தில் பதினொரு ‘இல்லை’. தங்கை சொன்ன ‘இல்லை’யும் அதில் ஒன்று. பதினாறு நாள் முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராதது ஏன், ஏழு நாளுக்குள் விளக்கம் தேவை என்று மெமோ கேட்டது.

அவர் அதை எடுத்துக்கொண்டு இன்ஜினியரம்மாவிடம் போனார். அந்த அம்மாள் மேசை இழுப்பறையைத் திறந்து அவருடைய லீவ் லெட்டரை எடுத்து வைத்தார். அதில் கையெழுத்து இல்லை.

“போட்டிருந்தா உங்க இடத்துக்கு மாத்து ஆள் போட்டிருக்கணும். மாத்து ஆள் போயிருந்தா அடைப்பை எடுத்திருப்பான். அதான் போடலை. அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரலை.” பேனாவை எடுத்தார். “இப்ப முன்தேதி போட்டுக் கையெழுத்து போடறேன். நீங்க தப்பிச்சுடலாம்.”

“போட்டா, ஏன் மாத்து ஆள் போடலைன்னு உங்களைக் கேப்பாங்களே மேடம்.”

“கேப்பாங்க.”

“அப்புறம் நோண்டுவாங்க. நோண்டினா பதினொண்ணும் செல்லாம போயிடும்.”

“போகலாம்.”

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொக்கி எழுந்து, லெட்டரை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதினார். உடல்நலம் சரியில்லாததால் வரவில்லை. முன்கூட்டித் தெரிவிக்காதது என் தவறு. கீழே கையெழுத்துப் போட்டு, உள்ளே போய்க் கொடுத்தார்.

ஒரு வருட இன்க்ரிமென்ட் நின்றது. மூன்றாம் வாய்க்காலுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் மனைவி செய்தியைக் கேட்டு, “இருபத்திரண்டு வருஷம் லீவே போடாதவரை, லீவ் போட்டதுக்குத் தண்டிச்ச ஒரே ஆபீஸ் உங்களோடதுதான்,” என்றார். பிறகு வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தார்.

ஏழாம் வாய்க்காலில் இப்போது கான்ட்ராக்ட் ஆட்கள். மாதத்துக்கு ஒருமுறை இயந்திரம் வரும், போகும். நடுவில் அடைத்தால் ஜனங்கள் உடனே அலுவலகத்துக்குப் போன் போடுகிறார்கள். இரண்டு நாள் பொறுத்திருந்து, மூன்று கேள்விக்கும் பதில் சொல்லி, ஆள் வரும்வரை வாளியில் தூக்குகிறார்கள். எழுத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. தங்கைக்குப் பூங்கா ஆர்டரில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்க முடிந்தது. மீதி வேறு பண்ணைக்குப் போய்விட்டது. ஒரு வாரம் அண்ணனிடம் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் போன் செய்து, “மூணாம் நம்பர் கரையில வழுக்கும்பாங்க, பாத்து நட,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

போன வாரம் இன்ஜினியரம்மா அவரைக் கூப்பிட்டார். விதியைத் திருத்த மன்றம் யோசிக்கிறதாம். புகாருக்குப் பதிலாக வேறு எதை எண்ணலாம் என்று மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்ப வேண்டுமாம்.

“தண்ணி ஓடின நாளை எண்ணுங்க மேடம்,” என்றார் கொக்கி. “நின்ன நாளை எண்ணாதீங்க.”

“நானும் அதைத்தான் சொன்னேன். கணக்கு சார் ஒரு கேள்வி கேட்டார். ஓடின நாளை யார் தினமும் போய்ப் பாத்து எண்ணுவாங்க, அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்புலன்னு.”

கொக்கியிடம் அதற்குப் பதில் இல்லை. இன்ஜினியரம்மாவிடமும் இல்லை. இதை எழுதுகிற என்னிடமும் இல்லை.

அதனால் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். உங்கள் நகரத்தில் பாசன வாய்க்கால் ஓடுகிறதா? அதற்கு எதை எண்ணிப் பணம் ஒதுக்குகிறார்கள்? ஒழுங்காக ஓடுகிற வாய்க்காலுக்கும் பணம் கிடைக்கிற மாதிரி எங்காவது ஒரு படிவம் இருந்தால், அதில் என்ன கேட்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள், அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று தயவுசெய்து கீழே எழுதுங்கள். ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை. மாதக் கடைசிக்குள் வந்தால் அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன்.